முதல் பந்தி எழும் வரை பார்சல் இல்லை

பிரியாணி வெந்த பிறகு சாப்பிட ஆள் இல்லாமல் நான் நின்றது என் வேலையில் ஒரே ஒரு முறைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேங்கிக்காலில் ஒரு வீட்டை ஒட்டிய காலி மனை. ஷாமியானா போட்டு, நீள மேஜைகளில் இலை விரித்திருந்தார்கள். அத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது இரண்டே பேர்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குப் பேச்சு வராது. ஆர்டர் பேசுவது, கறிக்கடையில் சண்டை போடுவது, "உப்பு கம்மி" என்பவரைச் சமாளிப்பது எல்லாம் என் மச்சான் கரீம். நான் பிரியாணி வேகும் தேக்சா அண்டாவோடு மட்டும் பேசுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அன்று நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

1. ரெண்டு பக்கமும் மாப்பிள்ளை வீடு

ஆர்டர் கொடுத்தவர் ஸ்டெல்லா நர்சம்மா. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை. ஒரே மகன் அருள், பெங்களூரில் வேலை. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து, சர்ச் ஹாலில் விருந்து என்று நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா விசேஷம்மா?" என்று கரீம் கேட்டான்.

"விருந்து."

"அதான், காதுகுத்தா, நிச்சயமா?"

நர்சம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பையனும் பிரகாஷும் எட்டு வருஷமா ஒண்ணா குடும்பம் நடத்துறாங்க. கல்யாணம்னு சொல்லலாம்னா கோர்ட்டு ஒத்துக்கல. எங்க சர்ச்சு எப்பவுமே ஒத்துக்காது. கோர்ட்டு சொன்னதும் எங்காளுங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். அதனால நான் சோறு போடறேன். சோத்துக்கு யாரும் சட்டம் போடல."

கரீம் ஆர்டர் நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தான். பிறகு, "அப்ப பொண்ணு வீடு யாரும்மா?" என்றான்.

"பொண்ணு வீடு ஏது? ரெண்டு பக்கமும் மாப்பிள்ள வீடுதான்."

"அய்யய்யோ! ஒரு மாப்பிள்ள வீடு இருந்தாலே நல்லி எலும்புக்குச் சண்ட தாங்காது. ரெண்டுன்னா நான் எங்க போவேன்?"

நர்சம்மா சிரித்துவிட்டார். "பயப்படாத. ஒரு மாப்பிள்ள சைவம். பாதிச் சண்ட போயிடும்."

அதனால் சின்ன தேக்சா ஒன்றில் காய்கறி பிரியாணியும் சேர்ந்தது.

கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னார். அருளுக்குப் போன வருஷம் திடீரென்று ஆபரேஷன். பிரகாஷ்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். கையெழுத்துப் போட 'சொந்தக்காரங்க' வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "நான் இங்கருந்து பஸ் புடிச்சுப் போய்ச் சேர்ற வரைக்கும் என் புள்ள வயித்தப் புடிச்சினு கெடந்தான் பாய். கூடவே குடும்பம் நடத்துறவன் வராண்டாவுல நிக்கிறான். அதுவரைக்கும் நானும் இவங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள சேர்க்காதவதான். அந்த வராண்டாவப் பார்த்தப்புறம் என்னால முடியல. எங்க சர்ச்சுப் பங்குல பாதிப் பேரு என் கையில பொறந்தவங்க. நான் கூப்ட்டா வருவாங்க. ஊரு ஒரு தடவ இவங்களோட உக்காந்து சாப்ட்டா எனக்குப் போதும்."

நான் தலையாட்டினேன். அன்று ராத்திரி கரீம், "நம்ம பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட கேட்டாலும் தப்புன்னுதான் சொல்வாரு. கோயில் குருக்களும் அதேதான். இந்த ஊர்ல எல்லா மதத்துப் பெரியவங்களும் ஒத்துப்போற ஒரே விஷயம் இதுதான் மச்சான்" என்றான். ஒற்றுமைக்கு இப்படியும் ஒரு வழி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

2. உபதேசியார் வந்தார்

சனிக்கிழமை சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். சர்ச் உபதேசியார் சவரிமுத்து வந்தார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர், சர்ச் ஃபாதரான சாமியாருக்கு வலது கை.

"பாய், ஹால் கிடையாது. ஃபாதர் கேன்சல் பண்ணிட்டாரு."

"நர்சம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் கரீம்.

"சொல்லிட்டேன். வீட்டுப் பக்கத்து மனையில வெச்சுக்கறாங்களாம். ரெண்டு பேரையும் மந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ணவாவது வாங்க சாமின்னு ஃபாதர்கிட்ட கேட்டாங்க. தனித்தனியா வந்தா தலையில கை வெக்கறேன், ஜோடியா வந்தா முடியாதுன்னுட்டாரு."

"போன மாசம் போர்வெல் லாரிக்குத் தண்ணி தெளிச்சு மந்திரிச்சாரே, அந்த லாரி ஞாயித்துக்கெழம பூசைக்கு வருதா?"

"நக்கல் பண்ணாத கரீமு. லாரி பாவம் பண்ணாது."

"அது ஓட்டுறவனப் பாத்ததில்லயா நீங்க?"

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "பாய், நீங்க சாது. ஒங்களுக்குச் சொல்றேன். எங்க திருவிழா ஆர்டர், புள்ளைங்க மொதல் தடவ நன்மை வாங்குற புதுநன்மை ஆர்டர் எல்லாம் ஒங்களுக்குத்தான் வருது. யோசிச்சுக்குங்க."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆடு சொல்லியாகிவிட்டது, அரிசி வந்துவிட்டது, வெங்காயம் பாதி உரித்தாகிவிட்டது. நியாயத்துக்காக நின்றேன் என்று சொன்னால் அது பொய். வெங்காயத்துக்காக நின்றேன்.

3. தம் உடைத்த பிறகு

ஞாயிறு காலைப் பூசை முடிவில் சாமியார் அறிவித்துவிட்டார், பங்கு மக்கள் யாரும் அந்த விருந்துக்குப் போகக் கூடாது என்று. நர்சம்மா பூசையில் இருந்திருக்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்க, கடைசிப் பாட்டு வரை நின்று பாடிவிட்டு வந்தாராம்.

மூடியைச் சுற்றி ஒட்டிய மாவைத் தட்டித் தம் உடைத்தேன். சீரக சம்பா உதிரி உதிரியாக வந்திருந்தது. நர்சம்மா பட்டுப்புடவையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் பந்தியில் நடு இலைகளில் அருளும் பிரகாஷும் உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் பறந்த இலைகளின் மேல் பிரகாஷ் எழுந்து எழுந்து தண்ணீர் பாட்டில்களை வைத்தார்.

"அம்மா, போதும். உள்ள வந்துடு," என்றார் அருள்.

"வருவாங்கடா."

வந்தார்கள். ஆனால் கேட் வழியாக இல்லை. நான் சமைத்த பின்பக்கத்துச் சந்து வழியாக, ஒவ்வொருவராக, கையில் தூக்குச் சட்டி, டிபன் பாக்ஸ், ஒருவர் கையில் குக்கர்.

"பாய், நாங்க விருந்துக்கு வரல. பார்சலுக்குத்தான் வந்தோம்," என்றார் குக்கர்காரர்.

"ஃபாதர் போகக் கூடாதுன்னாரு. வாங்கினு வரக் கூடாதுன்னு சொல்லலியே," என்று ஒரு அம்மா அவருக்கு விளக்கம் கொடுத்தார்.

"மச்சான், குடுத்துடலாம்," என்று கரீம் என் காதில் சொன்னான். "வீணாப் போறதுக்கு இவங்க வயித்துக்காவது போவட்டும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. முதல் பந்தி எழாமல் பார்சல் கட்டக் கூடாது என்பது எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் நான் அதைக் கடைப்பிடித்ததே இல்லை. யாராவது முகம் பார்த்துக் கேட்டால் மறுக்க வெட்கப்பட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவேன். அன்று அகப்பையைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போது கேட் பக்கம் பார்த்தேன். நர்சம்மா இன்னும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேக்சாவை மூடினேன்.

"பந்தி முடியட்டும்," என்றேன்.

கரீம் என்னைப் பேய் பிடித்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இன்னா பாய், பந்தியில ஆளே இல்லயே?"

"பந்தி முடியட்டும்."

"பசங்க வீட்ல பசியில இருக்குது பாய்."

"பந்தி முடியட்டும்." எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அப்போது சந்துக்குள் உபதேசியார் வந்தார், கையில் நாலு அடுக்கு கேரியரோடு. கூட்டம் விலகி வழி விட்டது. அந்தக் கேரியரைப் பங்கில் எல்லோருக்கும் தெரியும். சாமியார் பங்களா கேரியர்.

"ஃபாதருக்கா?" என்றான் கரீம்.

"ஃபாதருக்குத் தெரியாது. சமையக்காரம்மா இன்னிக்கு லீவு. ஒண்ணும் பேசாம கட்டு."

"பந்தி முடியட்டும்," என்றேன்.

உபதேசியார் என்னைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். வரிசை முழுக்க அவரைப் பார்த்தது. அவருடைய மூன்று பிள்ளைகளும் நர்சம்மா கையில் பிறந்தவர்கள். ஒன்று கால் முதலில் வந்த பிரசவம். கடைசியில், "சர்க்கர மாத்திர வேற போட்டுட்டேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, ஷாமியானாவுக்குள் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அருள் எழுந்து, "இங்க வாங்க மாமா" என்று பக்கத்து நாற்காலியை இழுத்தார். அதற்கு மேல் தூரத்தில் உட்கார முடியவில்லை. உபதேசியார் நகர்ந்து வந்தார். அவர் பின்னால் குக்கர்காரர், அவர் பின்னால் விளக்கம் சொன்ன அம்மா. தூக்குச் சட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு முதல் பந்தி நிறைந்தது.

முதலில் எல்லோரும் தங்கள் இலையையே பார்த்தார்கள். பிரகாஷ் இலையில் காய்கறி பிரியாணி விழுந்ததை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா தம்பி, கறி துண்ண மாட்டியா?"

"இல்லைங்க, சைவம்."

"முட்ட?"

"சாப்பிட மாட்டேங்க."

"கேக்கு கூடவா?" என்றார் குக்கர்காரர். "அடப்பாவி, கிறிஸ்மஸுக்கு இன்னா பண்ணுவ? டேய் அருளு, இத மொதல்லயே சொல்லியிருக்கணும்டா. இதுதான் பெரிய பிரச்ன."

அதன் பிறகு எல்லா மாப்பிள்ளைக்கும் நடப்பது பிரகாஷுக்கும் நடந்தது. எந்த ஊர், என்ன சம்பளம், சொந்த வீடா, ஏன் இப்படி இளைத்திருக்கிறாய். நர்சம்மா கேட்டை விட்டுவிட்டு வந்து தயிர் பச்சடி வாளியைத் தூக்கிக்கொண்டார். எல்லா இலையிலும் அளவில்லாமல் ஊற்றினார்.

பந்தி எழுந்த பிறகு பார்சல் கட்டினேன். சாமியார் கேரியரை நர்சம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கீழடுக்குகளில் கறி பிரியாணி. மேலடுக்கில் காய்கறி பிரியாணி.

"மேலடுக்கு என் ரெண்டாவது புள்ளையோடதுன்னு ஃபாதர்கிட்ட சொல்லிக் குடுங்க," என்று உபதேசியாரிடம் சொன்னார்.

அதனால் எல்லாம் மாறிவிடவில்லை. சர்ச் ஹால் இன்றும் அவர்களுக்குக் கிடையாது. அருளுக்கு மறுபடி உடம்பு முடியாமல் போனால், முட்டிவலியோடு நர்சம்மாதான் பஸ் ஏற வேண்டும்.

திருவிழா ஆர்டர் எனக்கே வந்தது. உபதேசியார்தான் வந்து சொன்னார். போகும்போது திரும்பி, "ஒரு சின்ன தேக்சாவுல அந்தக் காய்கறி பிரியாணியும் வெக்கணுமாம். ஃபாதர் சொன்னாரு" என்றார். கரீம் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

அன்றிலிருந்து முதல் பந்தி எழாமல் நான் யாருக்கும் பார்சல் கட்டுவதில்லை. பார்சல் வாங்கிப் போனவர் நாளைக்கு, நான் அங்கே வரவே இல்லை என்று சொல்லிவிடலாம். பந்தியில் உட்கார்ந்தவர் அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து இலைக்காரர் பார்த்திருப்பார்.