பவளத்துக்குக் கவாத்து உண்டா?

கடலைப் பார்க்கவே பாதி நாள் பயணம் போகவேண்டிய தேனியில், வீட்டுக்கு வீடு கடல்நீர்த் தொட்டி வைத்துத் தருகிறேன் என்று கிளம்பிய என் தைரியத்தை என்னவென்று சொல்ல! இதுவரை சிக்கியவர் ஒரே ஒருவர், கம்பத்துத் திராட்சை விவசாயி முருகேசண்ணன். அவர் தொட்டியில் இருப்பது, மூளை மாதிரி மடிப்பு மடிப்பான மூளைப் பவளம். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து முறைப்படி வந்தது, உள்ளங்கையில் அடங்கும் உயிருள்ள கல். அது செத்தால் என் தொழிலும் செத்தது. உயிரை விற்றுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்பது என்னைப்போல வண்ணமீன் கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

தினசரி போன்

திராட்சைக் கொடியோடு பழகியவருக்குப் பவளத்தோடு பொறுமையாக இருக்க வரவில்லை. கொடி காலையில் ஒரு நீளம், சாயங்காலம் ஒரு நீளம். பவளமோ வருஷம் முழுக்க உட்கார்ந்து நகத்தளவு வளர்ந்தாலே பெரிய விஷயம். எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மறுநாள் காலையில் போன் போட்டார். "ஏந்தம்பி, லேசா நுனிய வெட்டிக் கவாத்துப் பண்ணிவிட்டா துளிர்க்குமா?"

கரண்ட் போனால்

கம்பத்தில் கரண்ட் போனால் தேனியில் எனக்கு இருப்புக் கொள்ளாது. மோட்டார் நின்றால் தொட்டிக்குள் மூச்சு முட்டும். ஒருநாள் பேட்டரி மோட்டாரை பைக்கில் கட்டிக்கொண்டு ஓடினேன். உத்தமபாளையம் தாண்டுவதற்குள் பல தடவை வண்டியை நிறுத்தி அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டும் யாரும் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால், அண்ணன் மனைவி ஸ்டூல் மேல் நின்று, தொட்டித் தண்ணீரை பிளாஸ்டிக் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "அவுக தோட்டத்துக்குப் போயிட்டாக. நான் டீ ஆத்துற கணக்கா ஆத்துறேன், போனை எந்தக் கையால தம்பி எடுக்க?"

கொல்லையில் ஒரு டிரம்

அப்புறம்தான் அது நடந்தது. பவளத்தின் சதை சுருங்கி, ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிந்தது. உப்பு சரி, சூடு சரி, வெளிச்சம் சரி. தொட்டிக்கு மாற்றும் உப்புத் தண்ணீரை எதில் கலக்கிறார்கள் என்று கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். டிரம்மின் உள்விளிம்பில் நீலப் படிவு. கொடிக்கு அடிக்க மயில்துத்தம் கரைக்கிற டிரம்! அதிலுள்ள செம்பு துளி பட்டாலும் பவளத்துக்கு எமன். ஆத்திரத்தில் கத்திவிட்டேன். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. "நல்லாத் தேச்சுக் கழுவித்தானப்பா கலந்தேன். கொடியக் காக்குற மருந்து இதக் கொல்லும்னு நான் கண்டேனா?"

என் வீட்டில்

பவளத்தை அன்றே என் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தேன். பாதி போய்விட்டது. மீதிப் பாதி பிழைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு அதன் முன்னால் போய் நிற்கிறேன். தேனிச் சந்தைக்கு வரும்போதெல்லாம் அண்ணனும் வருகிறார்; மருந்தடித்த கை என்று கண்ணாடியைக்கூடத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார். நேற்று கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "வளர வேணாம் தம்பி, இருந்தாப் போதும்."

மீன் விற்கக் கடை போட்டவன், இன்று ஒரு கல்லுக்கு நாடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.