கல் கிடந்த இடத்தைச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து கூடும் உற்றார் கையில் அவரைப் பற்றி நாலு வரியாவது இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். யுத்தத்தினால் காகிதம் கிடைப்பதே அரிதாயிருக்கிறது. கிடைத்த சில தாள்களில் அவருடைய குணங்களையெல்லாம் அடுக்குவதைவிட, அவர் வாழ்வில் நடந்த ஒன்றை நடந்தபடி எழுதுவதே முறை என்று எனக்குத் தோன்றியது.

அக்கா பிறந்தது அயோத்தியாப்பட்டணத்தில். எங்கள் தாயார் காலமானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அடுப்படியையும் என்னையும் ஏற்றுக்கொண்டார். நான் படித்ததும், சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவானதும் அவர் பிடிவாதத்தால்தான். பதினாறு வயதில் ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டார். அங்கே இரண்டு ஏக்கர் தோட்டம், புழக்கடையில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றை நம்பித்தான் தோட்டம். வானம் பார்த்த அந்தப் பூமியில் கிணறு இல்லாவிட்டால் சோளத்துக்குமேல் ஒன்றும் விளையாது.

புழக்கடையை ஒட்டி நல்லம்மாள் என்ற விதவையின் குடிசை. தூரத்துப் பங்காளி வீடுதான். இரண்டு பெண் குழந்தைகளோடு கூலி வேலை செய்தும் ஆடு வளர்த்தும் பிழைத்தவர். ஒரு கோடையில் அவருடைய ஆடுகள் கத்தரி நாற்றை மேய்ந்துவிட, என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், ஓர் ஆட்டின் காலை உடைத்துவிட்டார். அதிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை. கிளுவைக் கொம்பு நட்டு வேலி போட்டுவிடுவது என்று மச்சான் முடிவு செய்தார். சர்க்கார் ஆளை வைத்து அளந்து போட்டால் பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது என்றார். அதற்கான மனுவை எழுதிக் கொடுத்தவன் நான்.

சர்வேயர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய நாள் நான் லீவில் போயிருந்தேன். அக்கா கிணற்றடியில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டி ஆடுகிறது, அடியிலுள்ள கல்லைச் சரிசெய் என்று என்னைக் கூப்பிட்டார். கல்லைப் புரட்டினேன். அதன் தலைப்பக்கம் உளியால் வெட்டிய குறி இருந்தது. தோட்டத்தின் வடக்கு மூலையில் சர்க்கார் நட்ட அளவுக்கல்லில் இருக்கும் அதே குறி. தெற்கு மூலையில் நிற்க வேண்டிய கல், பெயர்த்தெடுக்கப்பட்டுத் தொட்டிக்கு முட்டாகக் கிடந்தது.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. நேரே தம் தந்தையிடம் போய்க் கேட்டார். அக்காவின் மாமனார் ஊரில் நாலு பேர் வழக்குத் தீர்க்க வந்து நிற்கும் பெரியவர். அவர் மறுக்கவில்லை. நல்லம்மாளின் கணவர் இறந்த மறு வருஷம் நீரோட்டம் பார்த்தபோது அந்த இடத்தில்தான் தண்ணீர் இருப்பதாகச் சொன்னார்களாம். கல்லைப் பெயர்த்துவிட்டு, நல்லம்மாளின் மண்ணுக்குள் தள்ளி வேறொரு கல்லை நட்டுக் கிணறு வெட்டியிருக்கிறார். இதைச் சொல்லி முடித்துவிட்டு, "அதைத் தூக்கிக் கெணத்துல போடு. நாளைக்கு அளந்துட்டுப் போவட்டும்," என்றார்.

எல்லைக்கல்லைப் பெயர்ப்பது குற்றம். எழுபது வயதுக்காரரைச் சேலத்துக் கச்சேரியில் நிறுத்துவார்களோ என்ற பயம் ஒருபுறம், கிணறு போய்விடுமே என்ற பயம் மறுபுறம். கல்லின் ஒரு முனையை மச்சான் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். நடுப்பகல் வெயிலில் அது தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டு நல்லம்மாளின் இளைய மகள் எட்டிப் பார்த்தாள். குடம் விழுந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் போய், நமக்குப் பேசாமலிருப்பதே நல்லது, உன் பிள்ளைகளை நினைத்துப்பார் என்றேன். அவர் ராகி புடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை சர்வேயர் அளவுச் சங்கிலியோடும் நிலத்தின் புலப்படத்தோடும் வந்தார். மணியக்காரரும் ஊர்க்காரர் சிலரும் கூடினார்கள். வடக்கு மூலைக் கல் சரியாக இருந்தது. தெற்கே வந்ததும், மாமனார் காட்டிய கல்லைச் சுற்றி மண்ணைப் பறித்துப் பார்த்த சர்வேயர், இதில் குறியில்லை, இது சர்க்கார் கல் அல்ல என்றார். எங்கே போயிற்றோ தெரியாது, வெகுநாளாக இதுதான் எல்லை என்றார் மாமனார். சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "மனு எழுதினது நீங்கதானே? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுங்க," என்றேன்.

அவர் சற்று நேரம் படத்தைப் பார்த்தார். தூரத்துக் கற்களைப் பிடித்து அளப்பதென்றால் பொழுது முழுதும் ஆகும். இரு தரப்பும் சம்மதித்துக் கைநாட்டு வைத்தால் இந்தக் கல்லையே எல்லையாக எழுதிவிடலாம் என்றார். மச்சான் கையெழுத்துப் போட்டார். நல்லம்மாள் ஒருமுறை கிணற்றைப் பார்த்தார், ஒருமுறை கூடியிருந்த ஆண்களைப் பார்த்தார். அவர் பக்கம் பேச அங்கே ஒருவருமில்லை. கட்டை விரலை மைக்கு நீட்டினார்.

அக்கா கதவோரத்தில் நின்றிருந்தார். மாமனார் எதிரில் அவர் நிமிர்ந்து நின்றுகூட நான் கண்டதில்லை. முற்றத்தைக் கடந்து வந்து, நீட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரேகெ வைக்காதீங்க நல்லக்கா," என்றார். பிறகு சர்வேயரைப் பார்த்து, "அளவுக்கல்லு கெணத்துக்குள்ள கெடக்குதுங்க. நேத்துத்தான் போட்டது," என்றார்.

மாமனார் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். மருமகளுக்குப் புத்தி சரியில்லை என்று மணியக்காரரிடம் சொன்னார். சர்வேயர் மச்சானைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். மச்சான் தந்தையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடைசியில் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினார். கோடையாதலால் இடுப்பளவு தண்ணீர்தான். கல்லைக் கயிற்றில் கட்டி அனுப்பிவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார்.

மூன்று எல்லைகள் கூடும் முச்சந்திக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளந்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கோடு கிணற்றுக்கு இப்பால் விழுந்தது. கிணறு, தொட்டி, இரண்டு தென்னை, எல்லாம் நல்லம்மாளின் மண்.

கல்லைப் பெயர்த்தது யார் என்று எழுதிக்கொடுத்தால் மேலே அனுப்புவதாக மணியக்காரர் நல்லம்மாளிடம் சொன்னார். "பெரியவரக் கச்சேரிக்கு இளுத்து எனக்கு என்னுங்க ஆவப்போவுது? என்ற மண்ணு எனக்கு வந்தாச் செரி," என்றார் நல்லம்மாள். ஆனால் கிணற்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வாரத்தில் நாலு நாள் உங்களுக்கு, மூன்று நாள் எனக்கு, அதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்று நின்றார். எழுதப்பட்டது. இம்முறை சர்வேயர் இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகே அவர் கைநாட்டு வைத்தார்.

அன்று மாலை மாமனார் அக்காவின் கையால் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மச்சான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் காலை அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் வண்டியேற்றி அயோத்தியாப்பட்டணத்துக்கு அழைத்துப் போனவன் நான். புருஷன் வீட்டைக் காட்டிக்கொடுத்தவள் என்று எங்கள் ஊரிலும் பேசினார்கள். அக்கா தலை குனியவுமில்லை, யாரிடமும் விளக்கம் சொல்லவுமில்லை. ஐந்து மாதம் ஆயிற்று. இனி மச்சான் வரமாட்டார் என்றே எங்கள் தகப்பனார் நினைத்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் மச்சான் வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வேலி போட்டாச்சு. கெளம்பு, போலாம்," என்றார்.

"எங்கீங்க போட்டீங்க?" என்று கேட்டார் அக்கா.

"அளந்த எடத்துல."

அக்கா உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டினார்.

அதன்பின் எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மாமனார் மேலும் மூன்று வருஷம் இருந்தார். படுக்கையில் விழுந்த காலத்தில் அவருக்கு எல்லாப் பணிவிடையும் செய்தவர் அக்காதான். அவரோ கடைசி வரை அக்காவோடு பேசவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் போதாமல் கரும்பை நிறுத்திப் பருத்திக்கு மாறினார்கள். வேலியில் ஒரு படல் வைத்து, தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அக்கா குரல் கொடுத்துவிட்டே திறப்பார். நல்லம்மாளின் மூத்த பெண் திருமணத்தில் பந்தல்கால் நட்டவர் மச்சான்.

சென்ற ஆண்டு அக்கா விஷக்காய்ச்சல் கண்டு இருபது நாள் கிடந்தார். அந்த நாட்களில் ஒரு பகல், இத்தனை காலமும் கேட்கத் துணியாததை நான் கேட்டேன். அன்று சர்வேயரிடம் உண்மையைச் சொல்லப்போகிறாய் என்று எனக்காவது ஏன் முன்னால் சொல்லவில்லை என்றேன்.

"எனக்கே தெரியாது சாமி," என்றார் அக்கா. "பேசாம இருந்தரலாம்னுதான் நின்னுட்டிருந்தேன். அவங்க கைய நீட்டுனாங்க. பாத்துட்டிருக்க முடியல."

இரண்டு நாளில் அவர் கண் மூடினார்.

அழைத்தபோதெல்லாம் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நடந்து வந்த ஆட்டையாம்பட்டி வைத்தியருக்கும், இருபது நாளும் கஞ்சி காய்ச்சி ஊட்டிய நல்லம்மாளுக்கும் அவர் மக்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தந்தையைப் பற்றியதையும் அவரைப் பற்றியதையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். ஒரு வரியும் எடுக்க வேண்டாம் என்றார். அவருக்கே முதல் நன்றி.