அவளுக்காக நான் எழுதிய ஜெபக் குறிப்பு

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஜெபக் குறிப்புகளை எழுதிவைப்பது என் வேலை. தலைநகரில் ஜனக்புரியிலும் அதைச் சுற்றியும் இருக்கும் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அதை நான் அட்டவணையாக்கி வாட்ஸப் குழுவில் அனுப்புவேன். பெயர், குறிப்பு, கேட்ட தேதி, நிலைமை. மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும்.

இரண்டு வருட அட்டவணையை ஒருநாள் சேர்த்துப் பார்த்தேன். ஸ்கூட்டர் கேட்டவருக்கு ஸ்கூட்டர் கிடைத்திருந்தது. அடுத்த மாதமே கார் கேட்டிருந்தார். சொந்த வீடு கிடைத்தவர்கள் பால்கனி உள்ள வீடு கேட்டிருந்தார்கள். சிரிக்க எனக்கு உரிமை இல்லை. என் பெயருக்கு எதிரே பதவி உயர்வு, பக்கத்துத் துவாரகாவில் ஃப்ளாட் என்று ஆறு குறிப்புகள் இருந்தன. அவற்றுக்கு முன்னுரிமை எண் வேறு போட்டிருந்தேன்.

ஒருத்தியின் வரிசை மட்டும் காலியாக இருந்தது. என் வயதுக்காரி, என்னைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். ஒரு மருத்துவமனையில் ஒப்பந்த நர்ஸ். முனிர்காவில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். அவள் முறை வரும்போதெல்லாம் "நன்றி மட்டும்தான்" என்பாள். வார்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இறங்கியதற்கு நன்றி. குழாயில் மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் வந்ததற்கு நன்றி. நல்ல மத்தி மீன் கிடைத்ததற்குக்கூட ஒருமுறை சொன்னாள், எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அந்தக் காலிக் கட்டம் ஒரு பிழையைப்போல என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு மாலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இந்த மாசக் கடைசியோட என் காண்ட்ராக்ட் முடியுதுட்டி. நீட்டிப்பாவளான்னு தெரியல."

"ஏன் கூட்டத்துல சொல்லல?"

"ஆண்டவர்ட்ட சொல்லியாச்சு. பொறவு ஒங்கிட்டதான் சொல்லுதேன். " கடைக்காரரிடம் திரும்பினாள். "பையா, இது அரை கிலோ."

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கேட்காமலே அவள் கட்டத்தை நிரப்பினேன். நிரந்தர வேலை. கனடாவில் வாய்ப்பு. வசதியான வீடு. குழுவில் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவில் இருந்தேன்.

சனிக்கிழமை கூட்டம் நடந்த வீட்டு அங்கிள் அவளுக்காக நீண்ட நேரம் ஜெபித்தார். "கனடா தேசத்தின் வாசல்களைத் திறந்தருளும் ஆண்டவரே" என்று அவர் குரல் உயர்த்தியபோது அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். ஜெபம் முடிந்ததும் ஆன்ட்டி உள்ளேயிருந்து ஒரு தடித்த கோட்டைக் கொண்டுவந்தார்.

"இந்தாம்மா, வச்சுக்கோ. அங்க குளிர் பயங்கரம். அச்சா கோட், அசல் உல்லன்."

அவள் அதைப் போட்டுக் காட்டி, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்றாள். மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும்போதுதான் பேசினாள்.

"ஏட்டி, கனடா எங்க இருக்குன்னு மேப்புல காட்டுனாத்தான் எனக்குத் தெரியும்."

"உன் நல்லதுக்குத்தான் எழுதுனேன்."

"வேல போகப்போகுதுன்னு எழுதியிருந்தா ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு இருக்கது பத்தலன்னுல்லா எழுதிட்ட." சற்று நின்றாள். "எனக்கும் பயம் இருக்குட்டி. வேல வேணும்னு தெனமும் முழங்கால்ல நிக்கேன். ஆனா வேல வந்தாத்தான் சந்தோஷம்னு நிக்கல. ஆண்டவரு கூட இருக்காருங்கது எனக்கு இப்பமே சந்தோஷமாத்தான் இருக்கு. அதுல கை வைக்காத."

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆசையில்லாதவள் என்றுதான் அதுவரை அவளை நினைத்திருந்தேன். அது தவறு. கருவாட்டிலிருந்து வேலைவரை அவளுக்கும் எல்லாம் வேண்டியிருந்தது. ஆனால் எதையும் தன் சந்தோஷத்துக்கு நிபந்தனையாக அவள் வைக்கவில்லை. எனக்கு இன்றும் துவாரகா ஃப்ளாட் வேண்டும்தான். அதன் சாவி கையில் வரும் நாளில்தான் வாழத் தொடங்குவேன் என்ற நினைப்பு மட்டும் அந்த நடையில் ஆட்டம் கண்டது.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கடைசி நாள் மாலை, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் காத்திருந்தேன். வேலை நேரம் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அழுதியா?"

"பாத்ரூம்ல நல்லா அழுதேன். அதுக்கப்புறம் புதுசா வந்த பிள்ளைக்கு ஒவ்வொரு பெட்டா காட்டிக் குடுத்தேன். மாத்திரைய ரஸ்க்குக்குள்ள வச்சாத்தான் முழுங்குற ஆளு ஒண்ணு இருக்கு. இடது காது மட்டும் கேக்குற தாத்தா ஒருத்தரு. இதெல்லாம் ஃபைல்ல இருக்காதுல்லா."

"இனி என்ன செய்யப்போற?"

"உத்தம் நகர்ல ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல திங்கக்கிழம வரச் சொல்லியிருக்காவ. சம்பளம் கொறவுதான். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போகும்."

சோர்ந்துதான் இருந்தாள். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்ததும் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "சொல்ல மறந்துட்டேன் பாரு! ஆறு வாரமா படுத்தே கெடந்தார்லா அந்த எடது காது தாத்தா, இன்னைக்கு ஜன்னல் வரைக்கும் நடந்துட்டாரு. என் தோளப் பிடிச்சிக்கிட்டு."

எத்தனை அடி நடந்தார், நடந்ததும் என்ன சொன்னார் என்று இறங்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். வேலை போனது அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது நான்.