அத்தான் சொன்ன பதினான்கு நாட்கள்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதம், லண்டன் நோர்பரியில் நடந்தது இது. வெடித்தது மச்சான் வீட்டில். காரணம் எங்கள் வீட்டில் இருந்தது.

காரணம் நான்தான். உணவுத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் பிழைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பின் கண்டுபிடிக்கப் பிழை கிடைக்காமல், பின்வளவு ஆப்பிள்களைப் பிழிந்து சைடர் போடத் தொடங்கினேன். சாற்றில் ஈஸ்ட் இட்டுப் புளிக்க வைத்தால் சைடர் என்ற மது. அதில் நுரை வரவேண்டுமென்றால், புளிப்பு முழுதாக முடிந்த பின் அளவாகச் சீனி சேர்த்து, போத்தலில் அடைத்து, இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், சூடான இடத்தில் வைக்கவேண்டும். சீனி குறைந்தால் சப்பென்று இருக்கும். கூடினால் போத்தல் தாங்காது.

புளிப்பு முடிந்ததா என்று அறிய அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். மூன்று நாள் ஒரே அளவு காட்டினால் முடிந்தது என்பது விதி. தோட்டத்துக் கொட்டிலில் மூன்று நாளும் ஒரே அளவுதான் காட்டியது. கொஞ்சம் அதிகமான அளவு; சாற்றில் சீனி இன்னும் மிஞ்சியிருந்தால்தான் அப்படிக் காட்டும். எங்கள் ஆப்பிள் இனிப்பு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று நாளும் வெளியே தண்ணீர் உறைந்து கிடந்தது. குளிரில் ஈஸ்ட் வேலையை நிறுத்துமே தவிர முடிக்காது, சூடு பட்டால் திரும்பத் தொடங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

சீனியைக் கிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டேன். சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் மது வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டதால், கண்ணாடிப் போத்தல்கள் அவளுடைய தம்பியான மச்சான் வீட்டுக்குப் போயின. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பவன், டாக்சி ஓட்டுபவன். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள், துவாய்களுக்குக் கீழே அடுக்கினோம். மிஞ்சியதை ஒரு பழைய பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தோம்.

ஒன்பதாம் நாள் மச்சான் எனக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், அந்தப் பிளாஸ்டிக் போத்தல் கல்லு மாதிரிக் கிடக்கு. அமத்தவே ஏலாது. மற்றப் போத்தலுகளின்ர மூடியையும் ஒருக்காத் திறந்து காத்தை விடட்டோ?"

"பதினாலு நாள் எண்டு சொன்னனான். திறந்தியெண்டால் நுரை போயிடும். நீ டாக்சியைப் பார், இதை நான் பாக்கிறன்."

"சரி அத்தான். படிச்ச ஆள் சொன்னால் சரிதானே."

பிளாஸ்டிக் போத்தல் இறுகினால் வாயு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சைடர் போடும் எவருக்கும் தெரியும். அதை ஒரு டாக்சிக்காரனின் விரல் சொன்னதுதான் எனக்குக் குறைவாகப் பட்டது. எங்கள் குடும்பங்களில் அக்காவின் கணவன் படித்தவனாகவும் இருந்துவிட்டால், அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்த வசதியை நான் நீண்ட காலமாக அனுபவித்து வந்தேன்.

மறுநாள் காலை, குளிக்கத் துவாய் எடுக்க அவன் அலுமாரியைத் திறந்தபோது ஒரு போத்தல் வெடித்தது. கண்ணாடித் துண்டு வலது கண்ணில்.

ஆஸ்பத்திரியில் மனைவி அவனிடம் கேட்டாள்: "ஆரடா உன்னை அந்தக் கதவைத் திறக்கச் சொன்னது?"

"துவாய் எடுக்கத்தான் அக்கா. அத்தான் ஒண்டையும் தொடவேண்டாமெண்டுதான் சொன்னவர்."

பக்கத்தில் நின்ற நான், ஆமென்று தலையசைத்தேன்.

அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. டாக்சி உரிமமும் போயிற்று. ஒரு மாதம் கழித்து மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மட்டுமே பேசுகிறாள். பிறகு அவனிடம் போனேன். குளிர், ஈஸ்ட், நான் பொருட்படுத்தாமல் விட்ட அளவு, அவன் போன் எடுத்த நாள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

"விடுங்கோ அத்தான். நான் கதவை மெதுவாத் திறந்திருக்கோணும்."

"நீ எப்பிடித் திறந்திருந்தாலும் வெடிச்சிருக்கும். பிழை என்ர."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுறியள்," என்று சிரித்தான்.

அதன் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நான் பிழையாகச் சொன்னதை அந்த நொடியே நம்பியவன், அது பிழை என்று நான் சொல்வதை மட்டும் இன்றுவரை நம்பவில்லை.