மரகதம் வெட்டிய வாய்க்கால்

என் பெரிய பேரன் குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படிக்கிறான். பேத்தி பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியிருக்கிறான். தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் மகன் ஓடி வந்து, "அம்மா, சித்தி போயிட்டாங்க" என்றான். கோப்பைக் கதையை நான் முடிக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் மரகதம் என்னைப் பேசி முடிக்க விட்டதில்லை.

அவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ராஜகீழ்ப்பாக்கத்தில் வயலைப் பாகம் பிரித்து, இரண்டு வீட்டையும் அடுத்தடுத்துக் கட்டினோம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பின்னால் கட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டைவிட ஒரு முழமாவது கூடுதலாக மண் கொட்டி உயர்த்துவார்கள். நான் முதலில் கட்டினேன். அவள் பின்னால் கட்டினாள். மேடு அவளுக்கு, மழைத் தண்ணீர் எனக்கு.

பிள்ளையிலும் அவளுக்கே மேடு. என் பேரப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்க, அவள் மகன் கதிர் வெளிநாட்டில் விமானத்தில் பறந்து தரையை அளந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் விடுமுறைக்கு வந்தபோது விளக்கினான். மேலிருந்து லேசர் ஒளியைக் கீழே அடிப்பார்களாம். அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மேடுபள்ளம் கணக்காகுமாம். இலைகளுக்கு இடையிலும் புகுந்து தரையைத் தொட்டுவிடுமாம். வெள்ளம் எங்கே தேங்கும், மின்கம்பி எந்த வழியாகப் போகலாம் என்று பார்க்க ஊர்க்காரர்களுக்கும் வேண்டும். மலையும் பள்ளத்தாக்கும் தெரிந்து படை நடத்தப் பட்டாளத்துக்கும் வேண்டும்.

"அப்ப நம்ம தெருவையும் அளடா. யாரு வூடு பள்ளம்னு தெரியட்டும்" என்றேன்.

"ஐயோ பெரிம்மா, பக்கத்துலயே ஏர்போர்ஸ் கீது. மேல பறந்து அளக்க யார் வுடுவாங்க?"

மரகதம் சிரித்தாள். "அளந்தாதான் ஒத்துப்பியாக்கா? உன் வூடுதான் பள்ளம்!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் என் வாசற்படி ஏறியது. அரிசி மூட்டையை எங்கே தூக்கி வைப்பதென்று தவித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால், காசு போட்டுக் கொட்டிய மண்ணை அவளே வெட்டிக்கொண்டிருந்தாள். சுவரின் அடியை உடைத்து, தன் மல்லிகைப் பந்தலுக்குக் குறுக்கே ஏரிக்கால்வாய் வரைக்கும் வழி விட்டாள்.

"இன்னாடி பண்றே? பந்தல் சாயுது பாரு!"

"சாயட்டும். உன் பொலம்பலைக் கேட்டுகினு எவ தூங்குறது?"

தண்ணீர் வடிந்தது. தெருவே அவள் மனசைப் புகழ்ந்தது. நனைந்து நின்றவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த என்னை ஒருவரும் புகழவில்லை. கொடுப்பதிலும் என்னை முந்திவிட்டாள் பாவி.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வாய்க்கால். மூட மாட்டேன் என்று கதிர் சொல்லிவிட்டான்.

கதிர், இன்னும் ஒன்று கேட்கிறேன். நீ மாலை போட்டு வைத்திருப்பது அவள் முப்பது வயதுப் படம். வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். தலை நரைத்த பிறகு எடுத்த புதுப் படம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்பு, என் வீட்டில் மாட்டிக்கொள்கிறேன். நான் மட்டும் தனியாகக் கிழவியாவது எனக்குப் பொறுக்கவில்லை.