தைலம்மாள் தெளித்த வாசல்

மழை என்றாலே தைலம்மாளுக்குப் பயம். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவின் கடைசியில், பள்ளத்தில் இருந்தது அவள் வீடு. சிமெண்டு ரோடு போட வந்த புண்ணியவான்கள் பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் தலையிலேயே புதிதைப் போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு உயர்ந்தது, அவள் வீடு தாழ்ந்தது. தூறல் விழுந்தால் போதும், தெருத் தண்ணீர் முழுக்க அவள் வீட்டுக்குத்தான் விருந்து போகும். வீடோ மண்சுவர். கரும்பு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போன அவள் புருஷன், பாவாடை என்று பேர், உள்ளே கட்டிலில். பின்சுவர் பாதி கரைந்து, ஒரு பனங்கட்டையின் முட்டில் நின்றது. இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் வீடு இல்லை. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஊர் மாவட்டமான பிறகு ஆதிமூலம் என்ற இன்ஜினியர் வந்தார். தைலம்மாள் அவரை விட்டாளா? போகும் வழியெல்லாம் மறித்து அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் அவரே தெருவுக்கு வந்து பார்த்தார்.

"சிமெண்ட உடச்சிட்டு, கீழ ஜல்லி நெரவி, மேல இடுக்கு வுட்டு கல்லு பதிக்கலாம்க்கா. தண்ணி ஓடாது, அங்கங்கயே பூமிக்குள்ள எறங்கிடும். மண்ணு, மணலு மட்டும் இடுக்குல போவக் கூடாது. அடச்சிக்கும்."

அந்த வேலைக்கு அவளே கூலிக்குப் போனாள். ஜல்லியைத் தூசி போக அலசி அலசிக் கொட்டினாள். வேலை முடிந்ததும் காவல் வேறு. வீடு கட்ட மணல் இறக்க வந்த டிராக்டர்காரனிடம், "எடுத்துக்கினு போறியா, உன் வாயில கொட்டட்டுமா?" என்று எகிறினாள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியே போனான்.

ஆவணியில் நல்ல மழை. கல் பதித்த தெரு மொத்தத்தையும் குடித்துவிட்டது. "வந்து பாருங்கடி! ஒரு சொட்டு உள்ள வரலடி!" என்று எங்களை இழுத்து வந்து காட்டிவிட்டு, நனைந்தபடியே வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகையைக் கேட்ட பாவாடை உள்ளேயிருந்து, "தண்ணி வந்துடுச்சா, வந்துடுச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வாழவைத்த வாசலை வெறுமனே விடலாமா? மறுநாள் எதிர்வீட்டுப் பெரியநாயகியின் கொட்டகையிலிருந்து சாணி வாங்கி, கெட்டியாகக் கரைத்துத் தெளித்து, துடைப்பத்தால் இழுத்துவிட்டுக் கோலம் போட்டாள். பச்சைப்பசேலென்று பார்க்க அவ்வளவு லட்சணம். பெரியநாயகியும் தெளித்தாள். தெருவே தெளித்தது. வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கெட்டி. மண் கூடாது, மணல் கூடாது, சரி. சாணியை அழுக்கென்று யார் சொல்லுவார்? அழுக்குப் போகத்தானே அதைத் தெளிக்கிறோம்! இன்ஜினியருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவர் வீட்டு வாசலிலும் அதுதானே.

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. உச்சி வேளையில் தண்ணீர் இறங்காமல் தெருவில் ஓடத் தொடங்கியது. தைலம்மாள் ஓடிவந்து துடைப்பக் குச்சியால் இடுக்குகளைக் குத்தினாள். குச்சி உடைந்தது. அரிவாள் முனையால் நோண்டினாள். பச்சையும் கறுப்புமாய்க் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஐயோ, சாணிடி! நானே அடச்சிட்டனேடி!"

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகும் நோண்டினாள். ஒரு கல்லைச் சுரண்டி முடிப்பதற்குள் பத்துக் கல்லைத் தாண்டித் தண்ணீர் போனது. வீட்டுக்குள் முழங்கால் மட்டும் ஏறிவிட்டது. நாங்கள் நாலு பேர் பாவாடையைக் கட்டிலோடு தூக்கிப் பெரியநாயகி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டோம். திரும்பி வருவதற்குள் பின்சுவர் உட்கார்ந்துவிட்டது. கூரையும் கூடவே வந்தது. தைலம்மாள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பாவி, இடுக்கையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எந்த வாசலிலும் சாணி இல்லை, கோலம் இல்லை. தெருவே சாவு விழுந்த வீடு மாதிரிக் கிடந்தது. பெரியநாயகி வெளியே வந்தபோது, அவள் வாசலில் தைலம்மாள் குந்தி உட்கார்ந்து அரிவாளால் கல்லிடுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ரத்தம்.

"அதான் வூடே பூடுச்சே தைலம்மா. இன்னும் இன்னாத்துக்கு இத நோண்டிக்கினு கீற?"

தைலம்மாள் நிமிரவில்லை.

"உங்க வூடு நிக்குதுல்லக்கா. என் வூட்டுக்கு அடுத்து தெருவுல பள்ளம் அதுதான்."