ஷைனி அம்மா என்று கூப்பிட்டார்கள்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் செய்ததை மறைத்தால் அது அதைவிடப் பெரிய வெட்கம். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் என் மகள் ஷைனிக்கு அடிக்கடி மூச்சு வாங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

வீட்டைத் தாண்டி நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது இதைத்தானே முதலில் சொல்வார்கள். இன்னொரு பயமும் இருந்தது. அவள் வயிற்றில் இருந்தபோது தோல் ஒட்டுகிற டேபிளில் எனக்கு வேலை. நாள் முழுக்க சொல்யூஷன் பசை வாசனை. அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று கம்பெனியில் பேசுவார்களே. டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதும்மா என்றார். என் மனம் கேட்கவில்லை. "ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாற்றும், ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது." இதுதான் என் ஜெபம்.

அந்தச் சமயம் எங்கள் சபை வாலிபர்கள் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளோடு தங்கியிருக்கிற குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் காணிக்கை சேர்க்கத்தான். பனியன்மேல் வைக்கும் துணிப்பட்டியை என்னிடமே தைக்கக் கொடுத்தார்கள். 'ஆஸ்பத்திரியில் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக' என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் குடும்பம் நாங்கள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைத்துக் கொடுத்தேன். திருப்பத்தூரில் சொந்தக்காரர் விசேஷம் என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஷைனியை வார்டில் சேர்த்தேன்.

ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிவரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கொடுத்தார். அவர் தம்பிக்கு ரத்தம் கம்மி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு யாரைக் கேட்பது? கேட்டால் தெரிந்துவிடுமே. பிள்ளைக்கு உதடு நீலமாகிறது, அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

சைக்கிள் பிள்ளைகள் வார்டு வாசலில் வந்து இறங்கியபோது நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர்களோடு வந்த பால்ராஜ் அண்ணன் எங்கள் சபைக்காரர், கம்பெனியில் என் சூப்பர்வைசரும்கூட. பார்த்துவிட்டார்.

"இன்னா சாந்தி, திருப்பத்தூர்ல விசேஷம்னு சொன்ன?"

"தெரிஞ்சவங்க பொண்ணுண்ணா, பாக்க வந்தேன்."

அங்கே தாய்மாரைப் பிள்ளை பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நர்ஸ் வாசலுக்கு வந்து சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஷைனி அம்மா, ரத்தம் குடுக்க ஆள் வந்தாங்களா? நாளைக்குள்ள வரலன்னா ஆபரேஷன் தள்ளிப் போயிடும்மா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தைத்த பட்டி அத்தனை பேர் நெஞ்சிலும் இருந்தது. கீழே பார்த்தபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. பிள்ளை பிழைக்கட்டும்." நிபந்தனை இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது.

பால்ராஜ் அண்ணன் நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நாங்க இத்தன பேரு நிக்கிறோமே" என்றார்.

"வேர்த்து ஊத்துது உங்களுக்கு. இப்ப எடுத்தா நீங்கதான் வார்டுல படுக்கணும். நல்லா சாப்டு, தூங்கி எழுந்து வாங்க."

"காலுதான் ஓஞ்சி போச்சு சிஸ்டர், ரத்தம் நல்லாத்தான் கீது" என்றான் ஒரு பையன். நர்ஸ் சிரித்தார், விடவில்லை. சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி வருவார்களா என்று என் மனம் அடித்துக்கொண்டது. எனக்குக் கவலைப்படத்தானே தெரியும்.

காலையில் வேன் வந்து நின்றது. நொண்டிக்கொண்டே இறங்கினார்கள். கூடவே, பால்ராஜ் அண்ணன் சொல்லிக் கேள்விப்பட்டு, கம்பெனியில் எனக்குப் பின்னால் உள்ள மெஷினில் உட்காரும் நசீமா அக்கா. யார் பேச்சுக்கு நான் ரொம்பப் பயந்தேனோ அவர்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி?"

"பசை வாசனையிலதான் பிள்ளைக்கு இப்படின்னு சொல்வீங்கன்னு..."

"அதே டேபிள்ல உட்காந்துதான் நானும் மூணு பெத்தேன். சும்மா பேஜார் பண்ணிக்காத. எந்தப் பக்கம் போவணும், காட்டு. ஊசின்னா எனக்கு பயம், யோசிக்க உட்டா ஓடிருவேன்."

சொன்ன தேதியில் ஆபரேஷன் நடந்தது. ஷைனி பிழைத்தாள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம். நசீமா அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது சபையில் ஜெபக் குறிப்பு கேட்டால் எழுந்து பெயரோடு சொல்கிறேன். ஏதோ ஒரு வார்டு வாசலில் உட்கார்ந்து இதைப் படிக்கிற தாய் இருந்தால், அம்மா, ஆண்டவரிடம் மட்டும் சொல்லிவிட்டு மனிதரிடம் மறைக்காதீர்கள். அவர் அனுப்புகிறவர்களுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டாமா?

போன ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் ஷைனி கவுன் கழுத்தை இழுத்து, நெஞ்சில் இருக்கிற தழும்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். மூடிவிட என் கை போனது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

"தொட்டுப் பாரு, வலிக்காது" என்றாள் பக்கத்துப் பிள்ளையிடம்.